கத்திரி முடிஞ்சா வெயிலும் முடிஞ்சுதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இருபது வருஷமா உங்க பேப்பர் தான் வாங்குறோம், கடிதம் எழுதுறது இதான் முதல் தடவ, அதுவும் கோவத்துல. மே 29ஆம் தேதி காலையில அக்னி நட்சத்திரம் முடிஞ்சுருச்சு, மக்கள் நிம்மதின்னு பெருசா போட்டிருந்தீங்க. எந்த மக்கள்னு தெரியல. நாங்க ஆவடி பக்கம், அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு பாத்ரூம் பைப்ப தொறந்தா கூட வெந்நி தான் வந்துச்சு.

எங்க மாமியாருக்கு எழுபத்தி நாலு வயசு. பேப்பர்ல வந்துட்டா அவங்களுக்கு அது வேதம். மே மாசம் பூரா பதினோரு மணிக்கு மேல மொட்டை மாடிக்குப் போகாதீங்கத்தைன்னு சொன்னா கேட்டுட்டு இருந்தவங்க, அன்னிக்கு "அதான் கத்திரி போயிருச்சேடி"ன்னு சொல்லிட்டு மோர் மிளகாய திருப்பி விட பன்னெண்டு மணிக்கு மாடி ஏறிட்டாங்க, செருப்பு கூட போடாம. நான் அடுப்படியில இருந்தேன், என்னடா சத்தமே இல்லையேன்னு போய்ப் பாத்தா தண்ணித் தொட்டி நெழல்ல சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்காங்க, மூஞ்சியெல்லாம் செவந்து போய், கூப்பிட்டா பேச்சு கொழறுது. பக்கத்து வீட்டுப் பையன கூப்பிட்டு கீழ எறக்கி, ஈரத்துண்டு போட்டு ஃபேன் கீழ படுக்க வெச்சு, கொஞ்சம் தெளிஞ்சப்புறம் உப்பு போட்ட மோர கொஞ்சம் கொஞ்சமா குடுத்தோம். எந்திரிச்சு உக்காந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மிளகாய எடுத்து வெச்சியா?"

நான் பஞ்சாங்கத்த குறை சொல்லல சார். சூரியன் பரணி மூணாம் பாதத்துல இருந்து ரோகிணி முதல் பாதம் வரைக்கும் போற அந்த இருபத்தஞ்சு நாள தான் கத்திரின்னு சொல்றாங்க, அது வருஷா வருஷம் மே 4 வாக்குல ஆரம்பிச்சு 28 வாக்குல முடியும். அது நட்சத்திரக் கணக்கு, வெயில் கணக்கு இல்ல. வானிலை ஆபீஸ்ல கத்திரின்னு ஒண்ணே கெடையாது. சென்னையில நுங்கம்பாக்கத்துல இதுவரைக்கும் பதிவான அதிகபட்ச வெயில் 45 டிகிரி, அது எந்த தேதின்னு பாருங்க, 2003 மே 31. கத்திரி முடிஞ்சப்புறம்! அதே 2025ல தென்மேற்கு பருவமழை மே 24ஆம் தேதியே கேரளாவுல இறங்கிருச்சு, அப்ப கத்திரி முடிய இன்னும் நாள் இருந்துச்சு.

எங்க ஊருக்கு ஜூன்ல தான் உண்மையான கஷ்டமே. கேரளா பக்கம் மழை கொட்டிட்டு மலை தாண்டி வர்ற மேல்காத்து ஈரமெல்லாம் போய் சூடா வந்து சேருது, அந்தக் காத்து வேகமா அடிச்சா கடல்காத்து உள்ள வர முடியாம கரையிலயே நின்னுடுது. எங்க அக்கா கடலோரத்துல, திருவான்மியூர்ல இருக்கா, மதியம் ஒரு மணிக்கு ஃபோன் பண்ணி "இங்க காத்து வந்துருச்சுடி, ஜன்னல தொறந்துட்டேன்"னு சொல்லுவா. அதே காத்து எங்க வீட்டு வேப்பமரத்துக்கு வர நாலு மணி ஆகும், சில நாள் வரவே வராது. ஒரே சென்னை தான், ஆனா அவ வெயில் வேற என் வெயில் வேற. நீங்க நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ரெண்டு நம்பர போட்டுட்டு வெயில் சதம் அடிச்சுதுன்னு எழுதுறீங்க, என்னமோ கிரிக்கெட் மாதிரி. (அந்த நூறு ஃபாரன்ஹீட்ல, மத்ததெல்லாம் செல்சியஸ்ல, ஏன் சார் இப்படி?) கூடவே துப்பட்டாவால மூஞ்சிய மூடிட்டு ஸ்கூட்டில போற ரெண்டு பொண்ணுங்க ஃபோட்டோ, அது வருஷா வருஷம் ஒரே ஃபோட்டோவான்னு எனக்கு சந்தேகமே இருக்கு.

பேப்பர்ல கத்திரி முடிஞ்சுதுன்னு வந்ததும் ஊரே அத நம்பிடுது. எங்க பஸ் ஸ்டாப் பக்கத்துல ஏப்ரல்ல பேனர் கட்டி, ஃபோட்டோ எடுத்து, தர்பூசணி குடுத்து ஒரு தண்ணீர்ப் பந்தல் தொறந்தாங்க. மே 30ஆம் தேதி பாத்தா பானையும் இல்ல பந்தலும் இல்ல, பேனர் மட்டும் இருக்கு. பூ விக்கிற அம்மா இப்ப மறுபடி வீட்ல இருந்து பாட்டில்ல தண்ணி கொண்டு வர்றாங்க, பத்து மணிக்கே அது சுடுதண்ணி. கவர்மெண்டுக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சிருக்கு போல, 2023ல வெயிலுக்காக ஸ்கூல் தொறக்கிறத ஜூன் 7க்கு தள்ளி, அப்புறம் ஜூன் 12, சின்னப் பசங்களுக்கு 14ன்னு தள்ளிட்டே போனாங்க, 2024லயும் ஜூன் 10 வரைக்கும் தள்ளுனாங்க. கத்திரி முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சும் பசங்கள வெளிய விட பயந்திருக்காங்கன்னா நிம்மதி எங்க சார் வந்துச்சு?

அடுத்த வருஷம் அந்தச் செய்தி போட்டா கீழ ஒரே ஒரு வரி, ஜூன்லயும் மதியத்துல வெளிய போகாதீங்கன்னு, பெரிய எழுத்துல போடுங்க. சின்ன எழுத்து எங்க அத்தைக்குத் தெரியாது. முடிஞ்சா ராத்திரி எத்தன டிகிரின்னும் போடுங்க, தூங்க முடியாம கெடக்குறவங்களுக்கு அது தான் நியூஸ்.

இத எழுதும்போது மணி மூணேகால். அக்கா ஃபோன் ஒண்ணரைக்கே வந்துருச்சு. எங்க வேப்பமரத்துல இன்னும் ஒரு எல கூட ஆடல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஆவடி