விடியும்வரை கூத்து என்றால் படுக்கவும் இடம் வேண்டும்

திருகோணமலைக் கடற்கரையில் கோடைகால நாட்டார் இசை, கூத்து விழாக்களை நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் உள்ளூராட்சி சபையினருக்கும்,

வணக்கம்.

வெள்ளி பின்னேரம் வந்திறங்கி ஞாயிறு வரை திடலிலேயே தங்கும் இரசிகர்கள் சார்பில் எழுதுகிறோம். மேடை, அழைப்பிதழ், பிரதம விருந்தினரின் கதிரை எல்லாம் முடிவான பிறகு மிஞ்சும் மூலையைக் கூடாரம் போட விடுவதே வழமையாகிவிட்டது. அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கூடாரத் திடலை முதலில் குறியுங்கள், மற்றதெல்லாம் அதற்கேற்ப அமையட்டும்.

ஏனென்றால், உயர் நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுப்பது மிகவும் கடினம். வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணியானாலும் முழுக்கூத்து விடியும்வரை போகும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதற்காகக் கூத்தை ஒன்றரை மணித்தியாலமாக வெட்டுகிறார்கள். பாத்திரங்கள் அறிமுகமாகும்போது வரும் வரவுப் பாட்டும் வரவாட்டமும் போய்க் கதை மட்டும் ஓடுகிறது. அதைப் பார்க்க யாரும் மூதூரிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பாய் தலையணையோடு வரத் தேவையில்லை.

வெட்டாமலே நடத்தலாம். கூத்தாடும் வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரி, ஒலிபெருக்கி வருவதற்கு முந்திய அமைப்பு. மத்தளமும் சல்லரி என்ற தாளமும் நடுவில் நிற்க, சபை, அதாவது பார்ப்பவர்கள், நாலாபக்கமும் சுற்றி இருக்கும். 30 அடி விட்டத்தில் களரி போட்டு, விளிம்பிலிருந்து 25 அடிக்குள் சபையை இருத்தினால் 300 பேர் தாராளமாக இருக்கலாம். கூத்தரின் பாட்டை வாங்கிப் பாடும் நல்ல பிற்பாட்டுக்காரர் நால்வர் இருந்தால் கடைசி வரிசைக்கும் சொல் விளங்கும். ஆகவே பின்னேரம் 5 மணி முதல் 10 மணிவரை நாட்டார் பாடல், பறைமேளம், பொல்லடி, ரபான் எல்லாம் ஒலிபெருக்கியோடு நடக்கட்டும். 10 மணிக்கு அதை நிறுத்திவிட்டுக் களரிக்கு வாருங்கள். அயலவருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மத்தளச் சத்தமும் சத்தம்தான். அந்த நேரத்தில் கடைசி பஸ் போயிருக்கும். களரியடியில் மிஞ்சுவது கூடாரக்காரர்தான்.

ஒலிபெருக்கி நின்றால் ஜெனரேற்றரையும் நிறுத்தலாம். 20 வாற் எல்.ஈ.டி. விளக்கு எட்டு போதும். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரி இரண்டு அதை எட்டு மணித்தியாலம் தாங்கும், பாதிக்குச் சற்று மேல்தான் இறங்கும். விளக்குகளைக் களரியைப் பார்த்துத் திருப்புங்கள், சபையின் கண்ணில் அடிக்க வேண்டாம்.

இனிக் காற்று. ஆனி, ஆடியில் இங்கே வீசுவது கச்சான். தரைப்பக்கமாக, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிற காய்ந்த காற்று. நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும்பினால் திசை மாறும். இதைக் கவனிக்காமல் வரையும் திடல் வரைபடம் முதல் இரவிலேயே பிழைத்துப்போகும். சமையல் கொட்டிலும் ஜெனரேற்றரும் கிழக்கு ஓரத்தில் இருந்தால் இரவில் புகையும் இரைச்சலும் கடலுக்குப் போகும். ஆனால் மத்தியானத்தில் அதே புகை கூடாரங்களுக்குள் திரும்பும், எனவே பகல் சமையலை 11 மணிக்குள் முடிக்க வேண்டும். குழந்தைகளோடு வருபவர்களுக்குக் களரிக்கு மேற்கே இடம் கொடுங்கள், இரவுச் சத்தம் அந்தப் பக்கம் குறையும். விடிய விடிய இருப்பவர்கள் தெற்கிலும் வடக்கிலும் போட்டுக்கொள்ளட்டும். கூடார வாசல் மேற்கையும் பார்க்கக்கூடாது, கிழக்கையும் பார்க்கக்கூடாது.

கடற்கரை மணலில் கூடாரத்தோடு வரும் சின்ன ஆணி நிற்காது. காய்ந்த மணல் ஆணியைப் பிடிக்காது. ஒரு வீச்சுக்கு நாலும் கழன்று கூடாரம் உருளும். அதற்குப் பழைய உரப்பை போதும். பையில் கால்வாசிக்கு மணல் நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, கயிறு இழுபடும் திசைக்குக் குறுக்கே ஒன்றரை அடி ஆழத்தில் கிடையாகப் புதைத்து, மேலே மணலைப் போட்டு மிதித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கயிறு 45 பாகைச் சரிவில் வெளியே வரட்டும். நிமிர்த்தி இழுத்தால் பை மேலே கிளம்பிவிடும். கூடாரத்துக்கு நாலு பை, இரண்டு மண்வெட்டி, சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞன் என்று வாசலிலேயே வையுங்கள். ஓர் ஏக்கரில் 120 கூடாரத்துக்கு மேல் வேண்டாம். பத்துக்கு ஒருமுறை 12 அடிப் பாதை விட்டால்தான் நோயாளர் வண்டி உள்ளே வரும்.

விடியப்புறம் கூத்து முடிந்து படுப்பவருக்கு ஏழரை மணிக்கே கூடாரம் அடுப்பாகிவிடும். கிழக்குப் பக்கம் உயரமான மறைப்பு, அல்லது வேப்பமர நிழல் வேண்டும். தென்னைக்குக் கீழே ஒரு கூடாரமும் வேண்டாம். பனங்கூடலையும் நம்பவேண்டாம், ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். கரையோரத்து அடும்புக் கொடியை வெட்டித் திடல் எடுக்கவும் வேண்டாம். மணலைக் கட்டிவைத்திருப்பது அதுதான்.

வாத்தியக்காரரையும் நினையுங்கள். தோல் வாத்தியம் விடியப்புற ஈரத்தில் தளரும், கச்சானில் இறுகும். பறையையும் ரபானையும் சூடு காட்டி இறுக்குவதற்கு, களரிக்கு 20 அடி தள்ளி ஒரு சின்ன நெருப்பிடம் தேவை. சுற்றிவர மணல், பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், காவலுக்கு ஒருவர். கிடுகுப் பந்தல் அருகில் இருக்கவே கூடாது.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர். 300 பேருக்கு 6,000 லீற்றர். கரையோரக் கிணற்றை மட்டும் நம்பினால் சனி பின்னேரம் உவர்த்துவிடும். நன்னீர் அங்கே உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. மோட்டரை விடாமல் ஓட்டினால் கீழேயிருந்து உப்பு ஏறும். கிணற்றுநீர் கழுவுவதற்கு, பவுசர் நீர் குடிப்பதற்கு என்று பிரித்து, தாங்கிகளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். குழாயடியில் சல்லி போடாவிட்டால் இரண்டாம் நாள் சேறும் நுளம்பும். முதலுதவிக் கொட்டிலில் உடல் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற் நிறைய இருக்கட்டும்.

மலசலகூடத்துக்கு மணலில் குழி வெட்டவேண்டாம், நிலத்தடி நீர் அங்கே மிகக் கிட்டத்தில் இருக்கிறது. தாங்கி வைத்த கூடங்களே சரி. 300 பேருக்குப் பதினைந்து, அதில் பத்து பெண்களுக்கு. உள்ளே தண்ணீர், கொக்கி, விளக்கு, மூடியுள்ள வாளி. கழிவு அள்ளும் பவுசர் சனிக்கிழமை காலையே ஒருமுறை வரவேண்டும். ஞாயிறுக்குச் சொல்லிவைத்தால் சனி இரவு எல்லாம் நிரம்பி வழியும்.

நகருக்குள் திடல் என்றால் மான்கள் வரும், சாப்பாட்டுப் பொதியைப் பையோடு சேர்த்துத் தின்னும். மூடியுள்ள குப்பைத் தொட்டி அங்கே கட்டாயம்.

கடைசியாக, உப்புவெளியிலோ நிலாவெளியிலோ இடம் பார்க்கும்போது கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும் இடம், எதுவென்று மீனவர்களிடம் கேட்டுவிட்டு எல்லையைக் குறியுங்கள். விடியப்புறம் அவர்களுக்கு அந்தக் கரை முழுவதும் தேவை. புதைத்த பையும் கைவிட்ட இரும்பு ஆணியும் மணலுக்குள் கிடந்தால், வலை இழுப்பவரின் காலில்தான் ஏறும். ஆகவே கூடாரக் கட்டணத்தோடு 1,000 ரூபா முற்பணம் வாங்குங்கள். ஞாயிறு பின்னேரம் நாலு பையையும் ஆணிகளையும் எண்ணி எடுத்த பிறகு திருப்பிக் கொடுங்கள். குறைந்தால் கொடுக்கவேண்டாம், நாங்கள் முறையிட மாட்டோம்.

இப்படிக்கு,
களரியடி இரசிகர்கள்,
திருகோணமலை