புது தீவனப்பயிர் குடுங்க, ஆனா மலையேறாததா பாத்து குடுங்க

கால்நடைத்துறை அதிகாரிகளுக்கும் தலைவாசல் கால்நடை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளுக்கும், சேர்வராயன் மலை அடிவாரத்துல ஆடு மாடு வச்சிருக்கறவனோட வணக்கம்ங்க.

புது தீவனம் வேணாம்னு சொல்ல வரலீங்க, கோடையில சோளத்தட்டு விக்கிற வெலைக்கு அது மொதல்ல எங்களுக்குத்தான் வேணும். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி அது வயலோட நிக்குமா இல்ல ஓடைய புடிச்சு காட்டுக்குள்ள போயிடுமான்னு பாக்கணும்ங்க. சூபாபுல் தீவன மரத்தையே எடுத்துக்கோங்க, தழை அருமையான தழை, புரோட்டீன் நெறைய, ஆடு எக்கி எக்கி திங்கும், ஆனா வெட்டாம விட்டா நெத்து காஞ்சு வெடிச்சு மரத்தடியில நாத்தங்கால் மாதிரி மொளைச்சு நிக்குது, வெட்டுனா மறுபடி துளுக்குது, மிச்ச வெதை மண்ணுக்குள்ளயே வருசக்கணக்கா கெடந்து மழை வந்தா எந்திரிக்குது. உலகத்துலயே மோசமான 100 அந்நிய இனங்கள் பட்டியல்ல இதுவும் ஒன்னு. வேலிக்காத்தானும், அதாங்க சீமைக்கருவேலம், இப்படித்தானே, நெத்து தின்ன ஆட்டுப் புழுக்கை வழியாவே பரவுச்சு.

வடக்கு ஆஸ்திரேலியாவுக்கு 1947ல இருந்து 1985 வரைக்கும் 463 வகை மேய்ச்சல் புல்லும் பயறுவகைச் செடியும் கொண்டாந்தாங்க. தீவனத்துக்குத் தேறுனது 21, களையா போனது 60, அந்த 21லயும் களையாகாதது வெறும் 4. நம்ம மானாவாரி நெலத்துக்கு அவ்வளவு ஒத்துப்போற கொழுக்கட்டைப் புல்லு அங்க நடு ஆஸ்திரேலியாவுல காட்டுத்தீய இழுத்துட்டுப் போற களையா நிக்குது. இப்படி பட்டதுனாலதான் அந்த நாட்டுல இப்ப வெதையே வைக்காத சூபாபுல் உருவாக்க ஆராய்ச்சி பண்றாங்க.

நம்மகிட்டயே அதுக்கு வழி இருக்குங்க. கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் தீவனப்புல்லு எல்லாம் கம்பையும் யானைப்புல்லையும் சேத்து உண்டாக்குனது, வெதை கட்டாது, கரணை, அதாவது தண்டுத் துண்டு, வச்சாத்தான் வரும், அதனால மழைத்தண்ணியில வெதை அடிச்சுட்டுப் போற பயமே இல்ல. புது ரகம் தேடறப்ப மகசூல் எத்தன டன்னுன்னு பாக்கற அதே அக்கறையோட வெதை எவ்ளோ வைக்குது, ஆடு தின்னாலும் வெதை சாகாம மொளைக்குதா, வேணாம்னா அழிக்க முடியுமான்னும் பாருங்க. வெதை கொட்டற ரகத்த மலைகிராமத்துக்கும் ஓடைக்கரை நெலத்துக்கும் இலவசமா குடுக்காதீங்க, மத்த எடத்துல குடுத்தாலும் நெத்து முத்தறதுக்குள்ள வெட்டணும்னு பாக்கெட் மேலயே தமிழ்ல பெருசா போடுங்க.

அரசாங்கமே 2022ல அந்நியக் களைச்செடிகள ஒழிக்க கொள்கை போட்டு உண்ணிச்செடி, வேலிக்காத்தானெல்லாம் புடுங்குது. புடுங்கற வனத்துறையும் வெதை குடுக்கற நீங்களும் அடுத்த ரகம் வெளியிடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஒன்னா உக்காந்து பேசுங்க, அந்தக் கூட்டத்துக்கு ஆடு மேய்க்கிற எங்கள்ல நாலு பேரையும் கூப்புடுங்க.