பாரிஸ் கம்பெனி வரலாம், பாரிமுனைக் கம்பெனி போகக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சகச் செயலாளர் அவர்களுக்கும், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

சென்னை எழும்பூரில் 1996 முதல் விமான டிக்கெட் விற்றுப் பிழைப்பவன் நான். எந்த விமான நிறுவனத்திலும் எனக்குப் பங்கில்லை; ஒன்றைத் தொடங்கும் வசதியும் இல்லை. ஆனால் யார் எந்த ஊருக்குப் போகிறார், எத்தனை நாளுக்கு முன் டிக்கெட் கேட்கிறார், விலை எந்த எண்ணைத் தாண்டினால் 'அப்புறம் பேசுகிறேன்' என்று போனை வைத்துவிடுகிறார் என்பதெல்லாம் எனக்குப் பாடம். முழுக்க பிசினஸ் கிளாஸ் இருக்கைகளை மட்டுமே கொண்ட சிறு நிறுவனம் ஒன்று நம் நாட்டிலிருந்து வெளிநாட்டுத் தடங்களில் பறக்க முன்வந்தால், இருபது விமானங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதற்காவது விலக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

என் வாடிக்கையாளர் ஒருவர் ஆம்பூர்க்காரர். ஷூ தயாரிக்கும் தோலை ஏற்றுமதி செய்பவர். ஆண்டுக்கு இரண்டு முறை மிலான் கண்காட்சிக்குப் போவார். ஆம்பூரிலிருந்து காரில் நான்கு மணி நேரம், மீனம்பாக்கத்தில் மூன்று மணி நேரம், வளைகுடாவில் ஏதோ ஒரு விமான நிலையத்தின் கண்ணைக் கூசும் வெளிச்சத்தில் நள்ளிரவுக் காத்திருப்பு, பிறகு இன்னொரு விமானம். கையில் எப்போதும் ஒரு பெட்டி; அதில் உள்ளங்கை அளவு தோல் துண்டுகள் நிறவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருக்கும். அதை அவர் செக்-இன் லக்கேஜில் போட மாட்டார். மேல் அலமாரியில் இடம் கிடைக்காவிட்டால் காலடியில் வைத்துக்கொண்டு முழங்காலை மடக்கியபடியே போவார். பிசினஸ் கிளாஸ் விலையை ஒவ்வொரு முறையும் கேட்பார். நான் சொல்வேன். ஒரு நொடி மௌனம். 'எகானமியே போடுங்க தம்பி, நடைபாதைப் பக்கமா' என்பார். எகானமி விலைக்கும் பெரிய நிறுவனங்களின் பிசினஸ் கிளாஸ் விலைக்கும் நடுவே கிடக்கும் அந்த மௌனத்தில்தான் இத்தகைய சிறு நிறுவனத்துக்கான சந்தை இருக்கிறது.

அந்த இடைவெளியில் பிழைத்துக்கொண்டிருக்கும் நிறுவனம் ஒன்று பிரான்சில் இருக்கிறது. பெயர் லா கொம்பானி. பிரெஞ்சு மொழியில் 'கம்பெனி' என்பதுதான் பொருள். 2014 ஜூலையில் பாரிஸுக்கும் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கும் இடையே 74 இருக்கைகள் கொண்ட போயிங் 757 விமானத்தில் சேவையைத் தொடங்கினார்கள். 2019 முதல் ஏர்பஸ் ஏ321நியோ. அதில் 76 படுக்கை இருக்கைகள். நம் ஊர் மலிவு விலை நிறுவனம் அதே ரக விமானத்தில் 220 பேருக்கு மேல் ஏற்றுகிறது என்று சொன்னால் இரண்டு வியாபாரங்களும் எவ்வளவு வேறானவை என்பது புரியும். பத்தாண்டுகளுக்கு மேல் அவர்கள் வண்டி ஓட்டியது ஏறத்தாழ இரண்டே விமானங்களை வைத்துத்தான்.

இந்தத் தொழிலின் இடுகாட்டையும் நான் மறைக்கப் போவதில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே மட்டும் மூன்று நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தன. மேக்ஸ்ஜெட் 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நின்றது. 757 விமானத்தில் வெறும் 48 இருக்கைகள் போட்ட இயோஸ் 2008 ஏப்ரலில் நின்றது. சில்வர்ஜெட் அடுத்த மாதமே நின்றது. அந்த மாதங்களில் கச்சா எண்ணெய் விலை தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தது ஒரு காரணம். ஆனால் எண்ணெய் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. லண்டனின் முதன்மை விமான நிலையமான ஹீத்ரோவில் இடம் கிடைக்காததால் மூன்றும் ஸ்டான்ஸ்டெட்டிலும் லூட்டனிலும் ஒதுங்கின. நேரத்துக்காகவே பணம் கொடுக்கும் பயணியை நகரின் மறுகோடிக்கு வரச் சொன்னார்கள். அதைவிட முக்கியம், முதல் தடத்தில் வேர் பிடிக்கும் முன்பே கிளை விட்டார்கள். மேக்ஸ்ஜெட் லாஸ் வேகாஸ், லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஊர் ஊராகச் சேர்த்தது. சில்வர்ஜெட் துபாய்க்குக் கிளம்பியது.

பிசினஸ் கிளாஸ் பயணியின் மனத்தைப் பற்றி எங்களைப் போன்ற டிக்கெட்காரர்களுக்கு ஒன்று தெரியும். உங்கள் விமானம் எத்தனை ஊர்களுக்குப் போகிறது என்பது அவருக்குப் பொருட்டல்ல. பேச்சுவார்த்தை ஒரு நாள் முன்னதாக முடிந்தால் இன்றிரவே திரும்ப முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. வாரத்துக்கு மூன்று சேவை என்றால், இருக்கை எவ்வளவு சொகுசாக இருந்தாலும், தினசரி பறக்கும் பெரிய நிறுவனத்திடமே அவர் போவார். லா கொம்பானி இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2015-இல் லண்டன் லூட்டனிலிருந்து நியூவர்க்குக்கு ஒரு தடம் திறந்தவர்கள், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தபின் 2016 செப்டம்பரில் அதை மூடிவிட்டு, இரண்டு விமானங்களையும் பாரிஸ் தடத்திலேயே இறக்கினார்கள். நகருக்கு அருகிலுள்ள ஓர்லி விமான நிலையத்துக்கு மாறினார்கள். அதன் பிறகே 2019-இல் நீஸ், 2022-இல் மிலான். எட்டு ஆண்டுகளில் நிலைத்தவை மூன்று ஊர்கள். மறுமுனை எப்போதும் நியூவர்க்.

நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மதுரை ஜவுளிக் குடும்பம் ஒன்று 2005 அக்டோபரில் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸை இந்த மடலைப் படிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எம்ப்ரேயர் 170, 175 விமானங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ் என்று சொல்லிச் சென்னை, மதுரை, கோவை, கொச்சி என்று ஓட்டினார்கள். அந்த டிக்கெட்டை நான் நிறையவே விற்றிருக்கிறேன். அகலமான இருக்கை, நல்ல சாப்பாடு, அன்பான உபசரிப்பு. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களுடன் மூண்ட வழக்கில் 2010-இல் அது நின்றுபோனது என்பது தெரிந்த கதை. ஆனால் வழக்கு இல்லாமல் இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் நேரம் ஒரு மணி. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கால் நீட்ட யார் இரட்டிப்பு விலை கொடுப்பார்? நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ, தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில்தான் டெல்லி–மும்பை தடத்தில் பிசினஸ் கிளாஸைக் கொண்டுவந்தது. அதுவும் விமானத்துக்குப் பன்னிரண்டு இருக்கைகள். உள்நாட்டில் அந்தச் சந்தையின் ஆழம் அவ்வளவுதான். முழு விமானத்தையும் பிசினஸ் கிளாஸாக்க வேண்டுமென்றால் இரவைத் தின்னும் நீண்ட தடம் வேண்டும்.

உங்கள் விதி அந்த நீண்ட தடத்தின் வாசலில்தான் நிற்கிறது. முன்பு ஐந்து ஆண்டுகள் உள்நாட்டில் பறந்திருக்க வேண்டும், இருபது விமானங்களும் வேண்டும் என்று இருந்தது. 2016 ஜூனில் வந்த தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை அந்த ஐந்து ஆண்டுகளைக் கைவிட்டது. இருபது விமானங்களையோ மொத்தத் திறனில் 20 விழுக்காட்டையோ, எது அதிகமோ அதை, உள்நாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பதை வைத்துக்கொண்டது. நூற்றுக்கணக்கில் விமானங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் நிறுவனத்துக்கு இது சில மாதக் காத்திருப்பு. 2022 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய ஆகாசா ஏர், 2024 மார்ச்சில் தோஹாவுக்குப் போய்விட்டது. ஆனால் 76 இருக்கை வைத்துத் தொழில் செய்ய வருபவருக்கு இது காத்திருப்பு அல்ல, கதவடைப்பு. அவர் இருபது விமானங்களில் 1,520 படுக்கைகளைப் போட்டு உள்நாட்டில் யாரைத் தேடி விற்பார்? சென்னை–டெல்லி, சென்னை–மும்பை போன்ற முதன்மைத் தடங்களில் பறந்தால், அந்தத் திறனுக்கேற்ற பங்கை வடகிழக்கு மாநிலங்களுக்கும் மற்ற ஒதுக்கமான ஊர்களுக்கும் தர வேண்டும் என்ற தடப் பகிர்வு விதி வேறு. அந்த மக்களுக்கு விமானம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவர்களுக்கு வேண்டியது மலிவான இருக்கை, படுக்கை அல்ல. எரிபொருள் வரியையும் கணக்கில் எடுங்கள். தமிழகத்தில் அது நெடுங்காலம் 29 விழுக்காடாக இருந்தது. வெளிநாட்டுத் தடத்துக்கு நிரப்பும் எரிபொருளுக்கோ அந்த விற்பனை வரி இல்லை. லாபம் இல்லாத பக்கம் இருபது விமானங்களை ஓட்டிக் கை சுட்டுக்கொண்டு வந்தால்தான் லாபம் இருக்கக்கூடிய பக்கம் அனுமதி என்பது என்ன நியாயம்?

இன்னும் வேடிக்கை இருக்கிறது. நாளையே லா கொம்பானி சென்னைக்கு வர விரும்பினால், இரு நாட்டு ஒப்பந்தப்படி பிரான்ஸ் அரசு அதைப் பரிந்துரைத்தால் போதும். உங்களிடம் எத்தனை விமானங்கள் இருக்கின்றன என்று நம் விதி அவர்களைக் கேட்காது. அதே இரண்டு விமானங்களை வாங்கிப் பாரிமுனையில் அலுவலகம் போட்டிருக்கும் நம்மவர் பாரிஸுக்குப் போக விரும்பினால், மீதிப் பதினெட்டு எங்கே என்று கேட்கும். தனி விமானத்தை முழுதாக வாடகைக்கு எடுத்து ஐரோப்பா போகும் பெரும் பணக்காரருக்கும் இந்த இருபது கணக்கு கிடையாது. எழுபது ஏற்றுமதியாளர்கள் ஆளுக்கு ஓர் இருக்கை என்று பகிர்ந்துகொண்டு போவதற்குத்தான் தடை.

பயணியின் பணத்தைப் பாதுகாக்கவே இந்த விதி என்று வாதிடுவோர் உண்டு. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோதும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோதும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றபோதும் பணத்தைத் திரும்பக் கேட்டு என் கடை வாசலில் நின்றவர்களுக்குப் பதில் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றும் இருபதைத் தாண்டியவைதான். ஜெட்டிடம் நூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் இருந்தன. கிங்ஃபிஷர் கதையில் இந்த விதிக்கே ஒரு பங்குண்டு. ஐந்து ஆண்டுகள் காத்திருக்க மனமில்லாமல், அந்தத் தகுதியை நெருங்கிக்கொண்டிருந்த, நட்டத்தில் ஓடிய ஏர் டெக்கனில் 2007-இல் பங்கு வாங்கி, 2008 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தார்கள். அந்த நட்டமும் கூடவே ஏறிக்கொண்டது.

அப்படியானால் அனுமதி கிடைத்தால் எங்கே பறப்பது? சிங்கப்பூரும் துபாயும் என்று யாராவது உங்களிடம் திட்டம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். நான்கு மணி நேரத் தூரத்துக்கு ஏற்கெனவே நாளொன்றுக்குப் பல விமானங்கள் இருக்கின்றன. ஏ321எக்ஸ்எல்ஆர் என்ற, நெடுந்தூரம் பறக்கும் ஒற்றை நடைபாதை விமானம் 2024 நவம்பரில் சேவைக்கு வந்துவிட்டது. 8,700 கிலோமீட்டர் வரை போகும் என்று ஏர்பஸ் சொல்கிறது. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் அதற்குள் சௌகரியமாக அடங்கும். லண்டன் எட்டாயிரத்துக்கும் மேல். எதிர்க்காற்றுக் காலத்தில் இழுபறியாக இருக்கும், ஹீத்ரோவில் விமானம் இறங்கிக் கிளம்பும் நேர ஒதுக்கீடு ஒன்றுக்கு 2016-இல் ஓமன் ஏர் ஏழரைக் கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்ததையும் மறக்க வேண்டாம். என் கணக்கில் முதல் தடம் டோக்கியோ. ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர்; ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஜப்பானியத் தொழிற்சாலைகள்; 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் நரிட்டாவிலிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கி, ஆறு மாதம் கூட ஆவதற்குள் பெருந்தொற்று அதை நிறுத்திவிட்டது. அந்தச் சேவையில் டிக்கெட் கேட்டு வந்தவர்களில் பொறியாளர்களே அதிகம். பெரிய விமானத்தின் இருக்கைகளையெல்லாம் நிரப்புவதைவிட எழுபதை நிரப்புவது எளிது என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் புரியும். போய்வர ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும் தடத்தில் தினசரி பறக்க இரண்டு விமானங்கள், பழுதுக்கும் பராமரிப்புக்கும் கை கொடுக்க மூன்றாவது. அந்தத் தடம் காலூன்றிய பிறகு பிராங்க்பர்ட். அதற்கும் அப்பால் இன்றைக்குத் திட்டம் போடுபவரை நான் நம்ப மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். உரிமம் பெறுவதற்கென்று தனியே உள்ள மூலதன வரம்பும் பாதுகாப்புச் சோதனைகளும் அப்படியே இருக்கட்டும், இறுக்கினாலும் மகிழ்ச்சியே. வெளிநாட்டுத் தடத்துக்கு மட்டும் விமான எண்ணிக்கையை அளவுகோலாக வைக்காமல், கையிருப்பை அளவுகோலாக வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் இயற்றிய 1008 எண் ஒழுங்குமுறையில் இதற்கு வழி இருக்கிறது: புதிதாக வருபவர் இருபத்து நான்கு மாதக் கடப்பாடுகளைத் தாங்க முடியும் என்றும், ஒரு காசு வருமானம் வராவிட்டாலும் முதல் மூன்று மாதச் செலவைச் சமாளிக்க முடியும் என்றும் காட்ட வேண்டும். அத்துடன் நம் அனுபவத்திலிருந்து ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம்: பயணம் முடியும் வரை டிக்கெட் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், நிறுவனம் அதைத் தொடக் கூடாது. இதனால் அந்த நிறுவனத்தின் நடைமுறைச் செலவு கூடும், உண்மை. ஆனால் நாளைக்கு அது நின்றாலும், கடன் கொடுத்தவர் வரிசையில் கடைசி ஆளாக என் வாடிக்கையாளர் நிற்க வேண்டியிருக்காது.

இந்தத் திருத்தத்தை வரைவாக வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும். அவற்றின் வாதங்களையும் எழுத்தில் வாங்கி எல்லோரும் படிக்க வெளியிடுங்கள். தேவைப்பட்டால் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலான என் விற்பனை அனுபவத்தை எடுத்துச் சொல்ல எந்த நாளிலும் டெல்லி வரத் தயாராக இருக்கிறேன். எகானமியில்தான் வருவேன்.

இப்படிக்கு,
எழும்பூர் டிக்கெட் முகவர் ஒருவர்
சென்னை