பள்ளியில் பொங்கல் வைக்கப்போகும் பெற்றோர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவின் பள்ளிகளில் தைப்பொங்கல் நடத்த முன்வரும் தமிழ்ப் பெற்றோர் குழுக்களுக்கு வணக்கம்.

2014இல் ஒன்ராறியோ சட்டமன்றமும் 2016இல் கனடிய நாடாளுமன்றமும் தை பிறக்கும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அதன் பிறகு பள்ளிகளின் கதவு எங்களுக்கு எளிதாகவே திறக்கிறது. ஆனால் உள்ளே போய் நாங்கள் செய்வது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: மண்டபத்தில் இருநூறு பிள்ளைகளைத் தரையில் இருத்தி, ஒரு நடனம், ஒரு உரை, கடைசியில் கடையில் வாங்கிய பொங்கலைக் கிண்ணத்தில் கொடுப்பது. தமிழ் தெரியாத பிள்ளை கைதட்டிவிட்டுப் போகிறது. பொங்கல் பார்க்கிற பண்டிகை இல்லை. வீட்டிலுள்ள எல்லோரும் பானையைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பிடி அரிசி போடுகிற பண்டிகை. ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: மண்டபத்தை விடுங்கள், ஒரு வகுப்பை எடுங்கள். இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு பானை, ஒரு மணித்தியாலம். அதை எப்படிச் செய்வது என்றே இதில் எழுதுகிறோம்.

முதலில் அடுப்பு. எரிவாயு அடுப்பைப் பள்ளிக்குள் விடமாட்டார்கள். சுருள் மின்னடுப்பைக் கொண்டுபோகவே வேண்டாம். பொங்கி வழிந்த பால் சூடான சுருளில் கருகும், புகை மணி அடிக்கும், முழுப் பள்ளியும் மேலங்கி இல்லாமல் பனிக்குள் போய் நிற்கும். பிறகு அந்த அதிபர் எங்களை மறுபடி கூப்பிடமாட்டார். நல்லது இண்டக்‌ஷன் அடுப்பு. அதில் பானைதான் சூடாகும், கண்ணாடி அவ்வளவாகச் சூடேறாது, வழிந்த பாலைத் துணியால் துடைத்துவிடலாம். ஆனால் மண்பானை, பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் அதில் வேலை செய்யாது. எவர்சில்வர் பானையின் அடியில் குளிர்பெட்டிக் காந்தம் ஒட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். மண்பானையை அரிசி நிரப்பிக் காட்சிக்கு வைக்கலாம். நிறம் தீட்டிய அலங்காரப் பானையில் எதையும் சமைக்க வேண்டாம்.

இங்கே சாதாரண மின்செருகி 15 அம்பியர், 120 வோல்ற்று. அதாவது உச்சம் 1800 வாற்று. அடுப்பை 1800இல் வைத்துக்கொண்டு அதே இணைப்பில் கேத்திலையோ படவீழ்த்தியையோ போட்டால் மின்சாரம் விழும். 1500இல் வையுங்கள், அந்தச் செருகியில் வேறொன்றும் வேண்டாம்.

இருபத்தைந்து பேருக்கு அளவு: பச்சையரிசி 200 கிராம், வறுத்த பாசிப்பயறு 50 கிராம், பால் 600 மில்லிலீற்றர், தண்ணீர் 900 மில்லிலீற்றர், சர்க்கரை 250 கிராம், ஏலக்காய் ஐந்து, நெய் இரண்டு மேசைக்கரண்டி, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) ஒரு பிடி. சர்க்கரை என்று நாங்கள் சொல்வது வெல்லத்தை, சீனியை அல்ல. பாஸ்மதி வேண்டாம். அது குழையாமல் ஒன்றுக்கொன்று விலகியே நிற்கும். தண்ணீரில் ஒரு பங்குக்கு அரிசியின் இரண்டாம் கழுநீரை எடுங்கள். எங்கள் அம்மாமார் செய்ததற்குக் காரணம் உண்டு: கழுநீரில் மாப்பொருள் இருப்பதால் நுரை நின்று பொங்கும்.

பானை 2 லீற்றர், வாய் ஒடுங்கியது. இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். பெரிய அகன்ற பானையில் இந்த ஒன்றரை லீற்றரை ஊற்றினால் பால் கொதிக்கும், பொங்காது. பொங்குவதற்குப் பானையின் முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும். பாலின் மேல் படிகிற ஆடைக்குக் கீழே ஆவி அகப்பட்டு, அதைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதுதான் பொங்கல். அகன்ற வாயில் அந்த ஆடை உடைந்துவிடும். கிண்டினாலும் உடையும், ஆகவே பொங்கும்வரை அகப்பையை உள்ளே விடக்கூடாது.

குளிர்ந்த பாலென்றால் 1500 வாற்றில் ஏழெட்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தைப் பேச்சால் நிரப்பாதீர்கள். பிள்ளைகள் பானையை மட்டும் பார்க்கட்டும். ஓரத்தில் சின்னக் குமிழி, நடுவில் ஆடை சுருங்குவது, பிறகு முழுதும் ஒரு வெள்ளைக் குன்று போல எழுவது. அந்தக் கணத்தில் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்த அவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இரண்டு மீற்றர் தள்ளி ஒரு நாடாவைத் தரையில் ஒட்டி, அதற்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். வழிந்த பால் தொடுவிசையில் பட்டால் பல அடுப்புகள் தாமாகவே நின்றுவிடும். பிள்ளைகள் அடுப்புப் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள். விசைகள் இருக்கும் பக்கம் உங்களை நோக்கியும், பானையின் மூக்கு அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கட்டும்.

பொங்கியதும் அடுப்பை நிறுத்தி, இரண்டு அகப்பை பாலை வெளியே எடுத்து வையுங்கள். பிறகு தேவைக்கு ஊற்றலாம். இப்போது அரிசி. கொதிக்கும் பானைக்கு மேலே சின்னக் கைகள் வரக்கூடாது. கழுவி வடித்த அரிசியும் பயறும் ஒரு தட்டில், பக்கத்தில் வெறும் கிண்ணம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட, பெரியவர் ஒருவர் அதைப் பானைக்குள் சேர்க்கிறார். கையால் போடச் சொன்னால் ஈர அரிசி பாதி விரலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வேக இருபது, இருபத்தைந்து நிமிடம். அரிசி விரலில் நசியும்வரை சர்க்கரையைப் போடாதீர்கள். முன்கூட்டிப் போட்டால் அரிசி விறைத்து நிற்கும், பாலும் திரையும். சர்க்கரையை வீட்டிலேயே அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மண்ணும் தும்பும் போக வடித்து, போத்தலில் கொண்டுபோங்கள். ஊற்றி ஐந்து நிமிடம் கிளறினால் போதும்.

ஒவ்வாமையில் விட்டுக்கொடுப்பு இல்லை. 2006 முதல் நடப்பிலுள்ள சப்ரினா சட்டப்படி ஒன்ராறியோப் பள்ளிகள் கடும் ஒவ்வாமைக்கு ஒழுங்குவிதி வைத்திருக்க வேண்டும். கஜுவை (முந்திரிப் பருப்பை) விட்டுவிடுங்கள், பொங்கல் பொங்கலாகவே இருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பால் ஒவ்வாதென்றால் அந்தப் பிள்ளைக்கென்று தனிக் கிண்ணம் வைக்காதீர்கள், முழுப் பானையையும் மாற்றுங்கள். ஒரு பிள்ளையைத் தள்ளிவைத்து வைக்கிற பொங்கலில் எங்களுக்கு உடன்பாடில்லை. கழுநீரும் தண்ணீர் கலந்த தேங்காய்ப்பாலுமாகப் பொங்க வைத்து, கெட்டிப் பாலைக் கடைசியில் சேர்த்து, நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய் விடுங்கள். எழும்பும் உயரம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். தேங்காயைக் கனடாவின் ஒவ்வாமைப் பட்டியல் மரக்கொட்டைகளோடு சேர்ப்பதில்லை என்றாலும் வகுப்பாசிரியரிடம் கேட்டே செய்யுங்கள்.

அரிசி வேகும் நேரத்தில் எந்தப் பிள்ளையாவது கட்டாயம் கேட்கும்: “வெளியே பனி கொட்டுது, இப்ப என்ன அறுவடை?” இதைவிட நல்ல கேள்வி அன்றைக்கு வராது. அவர்களுக்குத் தெரிந்த அறுவடை நாள் ஒக்ரோபரின் இரண்டாம் திங்கட்கிழமை வரும் நன்றி நவிலல் நாள். எங்கள் ஊரில் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்ரோபரில்தான் தொடங்கும். அந்த மழையில் வளர்ந்த காலபோக நெல் தையில் முற்றும். ஒரு கைப்பிடி நெல் கொண்டுபோய் ஆளுக்கு இரண்டு மணி கொடுத்து நகத்தால் உரிக்கச் சொல்லுங்கள். பையில் வரும் அரிசிக்கு மேலே ஓர் ஓடு இருந்தது என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள், எங்கள் பிள்ளைகளும் சேர்த்தே, அன்றுதான் பார்ப்பார்கள்.

பிறகு சூரியன். ‘கிழக்கு’ என்று சொல்லி நேர்கிழக்கைக் காட்டாதீர்கள். தைப்பொங்கலன்று ரொறன்ரோவில் சூரியன் காலை 7.50 அளவில், கிழக்கிலிருந்து ஏறத்தாழ 30 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. ஒன்பது மணிக்கு ஏறத்தாழத் தென்கிழக்கில் நிற்கும், உயரம் பத்துப் பாகைதான். கோலத்தையும் நிறைகுடத்தையும் அந்தப் பக்க யன்னலுக்கு நேரே வையுங்கள். மதியம் 12.30 அளவில், வெயில் இருந்தால், 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை முற்றத்தில் செங்குத்தாகப் பிடித்து நிழலை அளக்கச் சொல்லுங்கள். 64 சென்ரிமீற்றர் வரும். அதே நாள் யாழ்ப்பாணத்தின் உச்சி வெயிலில் அதே அடிமட்டத்தின் நிழல் 18தான். இரண்டு நீளத்துக்கும் காகிதப் பட்டி வெட்டி அருகருகே சுவரில் ஒட்டினால், சூரியனுக்கு ஏன் ஒரு பண்டிகை என்று பிறகு அவர்களே பேசுவார்கள்.

கோலம் கம்பளத்தில் வேண்டாம், கறுப்புத் தாளில் 1-3-5-3-1 புள்ளி போதும். நைசான மா விரலில் கட்டிபடும், சற்றுப் பரும்படியாகத் திரித்ததை எடுங்கள். பனியில் போடுவதென்றால் வெள்ளை மா தெரியாது, மஞ்சள் கலவுங்கள். கரும்பை வீட்டிலேயே தோல் சீவி விரலளவு நறுக்குங்கள், பள்ளிக்குக் கத்தி கொண்டுபோக முடியாது. சக்கையைத் துப்ப ஒரு கிண்ணமும், ‘விழுங்காதே’ என்ற சொல்லும் முன்னதாகவே வேண்டும். மழலையர் வகுப்புக்குக் கரும்பு வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

“இது சமயமா?” என்று பெற்றோர் கேட்டால் மழுப்பாதீர்கள். சைவ வீடுகளில் இது சூரிய வழிபாடு. தமிழ்க் கிறிஸ்தவர்களும் பொங்குகிறார்கள். வகுப்பில் நாங்கள் செய்வது சமையலும் நன்றி சொல்வதும்தான், வழிபாடு இல்லை, கற்பூரம் இல்லை. இதை ஒரு பக்கத்தில் எழுதி, பொருட்களின் முழுப் பட்டியலோடு ஒரு வாரம் முன்பே வீடுகளுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதிபரிடம் நவம்பரிலேயே பேசுங்கள். ஜனவரியில் பனிப்புயலால் பேருந்து நிற்பது சாதாரணம், ஆகவே இரண்டாவது தேதி ஒன்றையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

பானையைப் பள்ளித் தொட்டியில் கழுவாதீர்கள், சோறு குழாயை அடைக்கும். மூடி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு முன் அடியில் பிடித்ததைச் சுரண்டித் தரக் கேட்டு ஒன்றிரண்டு பிள்ளைகள் கரண்டியோடு வருவார்கள், அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மூடுங்கள்.

அன்புடன்,
பள்ளி வகுப்புகளில் பொங்கல் வைத்துவரும் பெற்றோர்கள்