காப்பிக்கடை வரைக்கும் ஒரு மிதிவண்டிப் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இலையுதிர் காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான பயணக் கட்டுரையை, அந்தப் பருவம் முழுவதையும் ஒருமுறை அங்கே கழித்தவன் என்ற முறையில் ஆவலுடன் படித்தேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் தவறாமல் காண வேண்டிய இடமென்று, ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 105 மைல் நீளும் ஸ்கைலைன் டிரைவ் மலைச்சாலையைக் கட்டுரையாளர் சொல்லியிருந்தார். அதன் அழகை நான் மறுக்கவில்லை. என் மகளும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அங்கே அழைத்துப் போனார்கள். ஆனால் அது ஒரு நாள். மற்ற நாட்களில், இருவரும் வேலைக்குப் போன பிறகு, கார் ஓட்டத் தெரியாத பெற்றோர் எங்கே போவது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகருக்கு மேற்கே உள்ள ஹெர்ன்டனில் மகள் வீடு. முதல் மூன்று வாரங்கள் சன்னலோரமே என் இருப்பிடமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட மகள், பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கித் தந்து, ஊரின் நடுவே போகும் டபிள்யூ அண்டு ஓடி (வாஷிங்டன் அண்டு ஓல்ட் டொமினியன் என்பதன் சுருக்கம்) பாதையைக் காட்டினாள். ஆர்லிங்டனிலிருந்து பர்செல்வில் வரை 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர், தார் போட்ட பாதை அது. ஒரு காலத்தில் அது இருப்புப்பாதை. பயணிகள் ரயில் 1951-லும், பிறகு 1968-இல் சரக்கு ரயிலும் நின்று போக, அதன் தடத்தையே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்குமாக மாற்றியிருக்கிறார்கள். ரயில் ஏறக்கூடிய சரிவு மனிதக் காலுக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதால், அறுபதைத் தாண்டிய என் முழங்கால்கள் அந்த மேடுகளை எளிதாகவே ஏறின. ஹெர்ன்டனின் பழைய ரயில் நிலையம் இன்று அருங்காட்சியகமாக அந்தப் பாதையோரத்திலேயே நிற்கிறது.

அந்தப் பாதையில் போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதையே ஒரு வழக்கமாக்கிக்கொண்டவர்கள் அங்கே பலர் உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதற்குக் ‘காஃபினியரிங்’ என்று பெயர். நம் சென்னையிலும் கோவையிலும் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்கும் ராண்டனரிங் என்ற நெடுந்தூர மிதிவண்டி ஓட்டங்கள் நடக்கின்றன அல்லவா, அந்தச் சொல்லோடு காப்பியைச் சேர்த்து உண்டாக்கியது இந்தப் பெயர். வாஷிங்டன் நகரத்து மிதிவண்டிக்காரப் பெண்மணி ஒருவர் 2011-இல் இதைத் தொடங்கினார். அக்டோபர் நடுவில் ஆரம்பித்து ஏழு வாரங்களுக்குள் ஏழு வெவ்வேறு இடங்களுக்கு மிதிவண்டியில் போய் ஏழு கோப்பை குடிக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் போகவர இரண்டு மைலாவது ஓட்டியிருக்க வேண்டும். வேகத்துக்கு இங்கே மதிப்பில்லை, யாரையும் முந்த வேண்டியதில்லை. காப்பி வேண்டாதவர் தேநீரோ சூடான ஆப்பிள் சைடரோ குடிக்கலாம். கடைக்கே போகாமல் வெட்டவெளியில் அமர்ந்து, கொண்டுபோன காப்பியைக் குடித்தாலும் கணக்கில் சேரும் என்பது எனக்கு மிகவும் பிடித்த விதி.

நானும் அப்படி ஏழு கோப்பையை முடித்தேன். என் ஏழு பயணங்களில் மிக நீண்டது வியன்னா என்ற பக்கத்துச் சிற்றூருக்குப் போனது. ஒரு வழி மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். மேப்பிள் சிவந்திருந்தது, டூலிப் பாப்லர் மஞ்சளாகியிருந்தது, ஓக் மரங்கள் மட்டும் அவசரப்படாமல் மெல்லப் பழுப்பேறிக்கொண்டிருந்தன. பச்சையம் சிதையும்போது, கோடை முழுவதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சிவப்போ அந்த நாட்களில் இலை புதிதாக உண்டாக்குவது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, ஒரே மரத்தை வாரத்துக்கு இரண்டு முறை கடந்து போய் அது மாறுவதைக் காண்பது வேறு. இந்தக் காட்சி காரில் ஒரே நாள் போய் வருபவருக்குக் கிடைக்காது. அங்கே அக்டோபர் குளிரில் வியர்க்காமல் ஓட்டி, கை விறைத்த நேரத்தில் சூடான கோப்பையைப் பற்றும்போது அந்தக் காப்பியின் ருசியே வேறாகிவிடுகிறது. அதே மாதத்தில் எங்கள் கும்பகோணத்தில் ஐப்பசி அடைமழை. மிதிவண்டியைத் திண்ணையோரம் சாத்திவைக்கும் காலம். ஏழாவது கோப்பைக்கு எந்தக் கடைக்கும் போகவில்லை. மகள் போட்டுத் தந்த டிகிரி காப்பியைப் பிளாஸ்கில் எடுத்துப் போய், பாதையோர மரப் பெஞ்சில் அமர்ந்து குடித்தேன்.

இதைப் படித்துவிட்டு ஆர்வத்துடன் கிளம்புகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகளைச் சொல்வது என் கடமை. அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம் கையும் கண்ணும் இடப்பக்கத்துக்கே பழகியவை. முந்துகிறவர்கள் “இடப்பக்கம் வருகிறேன்” என்று ஆங்கிலத்தில் குரல் கொடுப்பார்கள். உடனே இடப்பக்கம் திரும்பிப் பார்த்து வண்டியையும் அந்தப் பக்கமே சாய்த்துவிடக் கூடாது. பிரேக்கும் பெரும்பாலும் மாறியிருக்கும், இடக்கைப் பிடி முன்சக்கரத்தை நிறுத்தும். இது தெரியாமல், மழை விட்ட ஒரு காலையில் ஈர இலைகளின் மேல் அதை அழுத்திவிட்டு முழங்கை தேய விழுந்தேன். தலைக்கவசம் அணிந்திருந்ததால் அதோடு போயிற்று. நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அன்று முதல் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும் என்பதால் முன்னும் பின்னும் விளக்கில்லாமல் புறப்படவே கூடாது.

இப்படி மிதிவண்டிப் பாதையாக மாறிய பழைய இருப்புப்பாதைகள் அமெரிக்காவின் பல ஊர்களில் உள்ளன. அடுத்த முறை அந்நாட்டைப் பற்றிய பயணக் கட்டுரை வெளியிடும்போது, காரும் ஓட்டுநர் உரிமமும் இல்லாத ஒருவர் வீட்டு வாசலிலிருந்து தன் காலாலேயே எங்கெங்கே போய் வரலாம் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.