நல்ல விரலுக்காக ஒரு மடல்

கை அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸைப் பதினோரு வருடம் ஓட்டியவன் நான். மூன்று வருடங்களுக்கு முன், நைட் ஷிப்டில், இடது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை டைக்குள், அதாவது மெஷினின் அச்சுக்குள், போய்விட்டது. எலும்பு வெளியே தெரிந்தது. பக்கத்து நடுவிரலின் முதுகுத் தோலை ஏடு புரட்டுவதுபோல் புரட்டி, காயத்தின் மேல் வைத்துத் தைத்தார்கள். தோல் எடுத்த இடத்தை முன்கைத் தோலால் மூடினார்கள். இரண்டு விரலும் மூன்று வாரம் ஒட்டியே கிடந்தன. அப்புறம் பிரித்தார்கள். மடல் (அப்படிப் புரட்டித் தைத்த தோலை அப்படித்தான் சொல்கிறார்கள்) நன்றாகப் பிடித்துவிட்டது என்றார்கள். உண்மைதான், அதில் எனக்குக் குறையில்லை.

குறை நடுவிரலில். அடியே படாத விரல் அது. இப்போது அதன் நடுக்கணு பாதிதான் மடங்குகிறது. ஸ்பேனரைப் பிடித்தால் நழுவுகிறது. மூன்று வாரம் அசையாமல் கிடந்தால் கணு இறுகும் என்பது உங்களுக்குப் பாலபாடம். எனக்குக் கிடைத்ததோ, "கட்டு பிரிச்சதும் கையை அசைச்சுக்கிட்டே இருங்க" என்ற ஒரு வரி. எத்தனை தடவை, எவ்வளவு தூரம், வலித்தால் நிறுத்துவதா? வலித்தது, நிறுத்திவிட்டேன்.

ஒட்டிய நுனியில் உணர்வு அரைகுறை. சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் போட வேண்டும். மார்கழிக் காலையில் குழாய்த் தண்ணீர் பட்டால் கடுக்கிறது. ஆபரேஷன் கெட்டுப்போச்சு என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். குளிர் தாங்காமை இந்தக் காயங்களில் சாதாரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு வலது கட்டைவிரலின் தோல் முழுக்க உரிந்திருந்தது. கவட்டைத் தோலை மடலாக எடுத்து விரலை மூட, கையை அங்கேயே சேர்த்துத் தைத்து மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். ஒப்புதல் தாளில் இடது கைரேகைதான் வைத்தார், பாவம். கை இழுபட்டு மடல் மடிந்தால் ரத்தம் தடைபடும். நீலம் பாரித்தால் ரத்தம் வெளியேறவில்லை, வெளுத்தால் உள்ளே வரவில்லை. இதை அவர் மனைவியிடம் யாராவது சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்கக் காவல் இருந்திருப்பார். ஓரம் கறுத்ததை விடிந்த பிறகுதான் பார்த்தார். பீடி ஆகாது என்றும் அன்றைக்குத்தான் சொன்னார்கள். கடைசியில் கட்டைவிரல் தப்பியது. தோள் இறுகிவிட்டது. விரல் கொழுத்த பூவன்பழம்போல் இருந்தது. கொழுப்பைக் குறைக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு என்று தெரியாததால் அவர் திரும்பி வரவே இல்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் டாக்டர்கள் வெங்கடசுவாமியும் சுப்பிரமணியனும் 1980இல் எழுதிய சாய்வு முக்கோண மடலைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டேன். அடிபட்ட விரலின் பக்கவாட்டுத் தோலையே நரம்போடும் ரத்தக் குழாயோடும் நுனிக்கு நகர்த்துவது. பக்கத்து விரலைத் தொட வேண்டியதில்லை. அதிலும் விரல் கொஞ்சம் வளைந்தே நின்றுவிடலாமாம். என் காயத்துக்கு அது சரிப்பட்டிருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். உங்கள் முடிவோடு நான் வம்புக்கு வரவில்லை.

தையல் பிரிக்கும் தேதியோடு பிசியோதெரபி தேதியையும் அதே சீட்டில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து வாங்கும் முன் அந்த ஆளின் நடுவிரலைத் தொட்டு, "இதிலிருந்துதான் எடுக்கப்போகிறோம், இதுவும் விறைக்கலாம்" என்று சொல்லுங்கள். அவன் சரி என்றுதான் சொல்வான். நானும் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய பிரஸ் ஆபரேட்டர்