கூடப் படிப்பவர் சொன்னால் கேட்பார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குடியாத்தத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பல வருடம் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும், அதாவது வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் வேலையும், சேர்த்துப் பார்த்தேன். வீடு வீடாகப் போகும்போது அதிகம் கேட்ட பதில், "பொண்ணு காலேஜுக்குப் போயிருக்கும்மா" என்பதுதான். பெயர் சேர்க்கும் ஞாயிறு முகாமில் உட்கார்ந்திருந்தால் அப்பா, அம்மா வருவார்கள். பதினெட்டு முடிந்த பிள்ளை வராது.

ஒரு நெசவாளர் வீட்டுக்கு மூன்று முறை போய்த் திரும்பினேன். நாலாவது முறை அந்தப் பெண்ணே இருந்தாள். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 பற்றிப் பத்து நிமிஷம் சொன்னேன். அடுத்த ஞாயிறு முகாமுக்கு அவளோடு இன்னும் ஐந்து பெண்கள் வந்தார்கள். எல்லாரும் காட்பாடிக்கு ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ எல்லாம் சரியாக இருந்தன. வீட்டில் ஏற்கெனவே ஓட்டு இருப்பவரின் அட்டை எண்ணைக்கூடக் குறித்து வந்திருந்தார்கள். நான் பல மாதம் நடந்து முடிக்காததை அவள் ஒரு வாரத்தில் பஸ்ஸிலேயே முடித்துவிட்டாள்.

அதனால்தான் கேட்கிறேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம் கல்லூரிகளில் இந்த வேலையை மாணவர்களிடமே கொடுங்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். ஜனவரி 25 வாக்காளர் தினத்தில் உறுதிமொழி எடுப்பது நல்லதுதான். ஆனால் உறுதிமொழி எடுத்த எத்தனை பேருக்குப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று அங்கேயே கேட்க வேண்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடித் தொகுதி 746 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானது. 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் நாடாளுமன்றத் தேர்தலில், ஆறு சட்டமன்றத் தொகுதிகளையும் சேர்த்தே வித்தியாசம் 8,141தான். யார் ஜெயித்தார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. காலையில் காட்பாடியில் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு 746 எவ்வளவு சின்ன எண் என்று தெரியும்.

முன்வரும் மாணவர்களுக்குச் சில விஷயம். ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களில் எதன் முதல் தேதியில் பதினெட்டு முடிந்திருந்தாலும் சேரலாம். பதினேழு முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஹாஸ்டலில் இருப்பவர் சொந்த ஊரிலோ ஹாஸ்டல் முகவரியிலோ சேரலாம், இரண்டிலும் அல்ல. ஊரில் ஏற்கெனவே பெயர் இருந்தால் படிவம் 8 போட்டு மாற்ற வேண்டும். இங்கே புதிதாகப் படிவம் 6 போடுவது தவறு. நண்பர்களின் படிவங்களை வாங்கிக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், வாங்க மாட்டார்கள். அவரவர் போனில் அவரவரே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். யாருடைய ஓ.டி.பி.யையும் கேட்காதீர்கள். எந்தக் கட்சிக்கு என்ற பேச்சும் அங்கே வேண்டாம். சந்தேகம் என்றால் 1950 என்ற உதவி எண் இருக்கிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "கல்யாணமாகிப் போற பொண்ணு, அங்கே போய்ச் சேர்த்துக்கட்டும்" என்று பெற்றவர்களே தடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் பி.எல்.ஓ. பேச்சு எடுபடாது. கூடப் படிக்கும் தோழி வந்து, "அப்புறம் முகவரி மாத்திக்கலாம் ஆன்ட்டி, நானும் போட்டுட்டேன்" என்று சொன்னால் எடுபடுகிறது.

கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் முகவரியில் சேரும் மாணவருக்குக் கல்லூரியின் சான்று வேண்டும். அதற்கு ஒரு நாள் ஒதுக்கி, வகுப்பு முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மூன்று நாள் அலைய விட்டால் நாலாவது நாள் வரமாட்டார்கள்.

முகாம் நடக்கும் நாளையும் இடத்தையும் ஒரு வாரம் முன்பே உங்கள் வேலூர்ப் பக்கத்தில் வெளியிட்டால், கத்தரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.